அலகு குத்துறது அக்குபஞ்சர் இல்லீங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

தைப்பூசம் நெருங்கினா போதும், நம்ம கோயில் புலனக் குழுவில் அதே செய்தி வந்துடுது. "அலகு குத்துவது நம் முன்னோர் கண்ட அக்குபஞ்சர், விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று. இந்த வருஷம் அதுக்குக் கீழே, "இனிப்புநீர் மாத்திரையே தேவையில்லை" என்று ஒரு வரி வேற. கும்பிட்ட கை படத்தோட எத்தனை பேர் பகிர்ந்திருக்கீங்க! எந்த விஞ்ஞானம், எதை நிரூபித்தது?

ஆராய்ச்சி நடக்கலன்னு சொல்ல வரல. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. வேணும்னே புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 விழுக்காடு. மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 27.4 தான். ஆக, ஊசி உதவுது. ஆனா எங்கே குத்தினோம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை! பிறகு 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-ல் பார்த்ததில், நாள்பட்ட வலிக்குப் பொய் ஊசியைவிட நிஜ ஊசி கொஞ்சம் மேல் என்று தெரிந்தது. கொஞ்சம்தான். அதுவும் வலிக்கு. இனிப்புநீருக்கு இல்லை.

எனக்குப் பிடிச்சது அமெரிக்காவில் செய்து 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வு. குடல் கோளாறு உள்ள 262 பேர். போட்டது தோலுக்குள் போகாத மழுங்கிய ஊசி, அழுத்தினா கைப்பிடிக்குள்ளேயே போயிடும். சும்மா காத்திருந்தவர்களில் 28 விழுக்காட்டினருக்கு நிம்மதி. அதிகம் பேசாமல் பொய் ஊசி போட்டவர்களில் 44. உட்கார்ந்து கனிவாகக் கேட்டு, அதே பொய் ஊசி போட்டவர்களில் 62! நம்ம அம்மாச்சிகளுக்கு இது தெரியாததா என்ன.

நம்ம கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007-லேயே அக்குபஞ்சர் தொடங்கினாங்க. நாள்பட்ட வலிக்கும், பக்கவாதம் வந்தவங்களுக்கும். டாக்டர் சிகிச்சையோடு சேர்த்துத்தான், அதை நிறுத்திட்டு இல்லை.

ஏன் இவ்வளவு சூடா எழுதுறேன்னா, நம்மளோட அன்னதானத்துல பரிமாறிக்கிட்டிருந்த ஒரு அண்ணன், யாரோ ஒரு ஊசிக்காரர் பேச்சைக் கேட்டு இன்சுலினை நிறுத்தினார். இப்ப இடது காலில் இரண்டு விரல் இல்லை. போன பூசத்துக்கு மலையடிவாரத்திலேயே உட்கார்ந்துட்டார், படி ஏற முடியலை. அவர்கிட்ட அந்தச் செய்தியைக் காட்ட உங்களுக்கு மனசு வருமா?

அலகு நேர்த்திக்கடன். விரதம் இருந்து, முருகனுக்குக் கொடுத்த வாக்கைத் தீர்க்கிறோம். அதுக்கு எந்த ஆய்வுக்கூடத்துச் சான்றிதழும் வேணாம். வலி போகும்னு குத்திக்கிட்டா, அது எப்படிங்க நேர்த்திக்கடன் ஆகும்?

பகிர்ந்தவங்க தயவுசெஞ்சு இன்னிக்கே அழிச்சிடுங்க. மாத்திரையை நிறுத்தினவங்க யாராவது இருந்தா, வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கிளினிக் அட்டையை எடுத்துட்டு வாங்க. செருப்பு வைக்கிற இடத்துக்கிட்டதான் நிப்பேன். திங்கட்கிழமை காலையில நானே கூட வர்றேன்.