கரண்ட் பில்லும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ஓட்டல், டீக்கடை வைத்திருப்பவர்களாவது கடைசிவரை படியுங்கள்.

திருவையாற்றில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர் ஒருவர் சின்னதாக ஒரு சைவ ஓட்டல் நடத்துகிறார். சித்திரை வெயிலில் ஒருநாள் காபி குடிக்கப் போனேன். முகம் வாடியிருந்தது. "கரண்ட் பில் தாங்கல சார். பாத்திரம் கழுவுற அக்காவை அடுத்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார்.

வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம். கடைக்கு அது கிடையாது. வணிகக் கட்டணத்தில் 100 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட்டே பத்து ரூபாய்க்கு மேல். அவர் கஷ்டம் நிஜம். ஆனால், "எந்தச் சாமான் எவ்வளவு இழுக்குதுன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். தெரியவில்லை. செலவு எங்கே போகிறது என்று தெரியாமல் ஆளை நிறுத்துவது என்ன கணக்கு? எனக்கு மனசு கேட்கவில்லை.

ராத்திரி பகலாக ஓடுவது நான்கு கதவு ஃப்ரிட்ஜ்தான். எலக்ட்ரீஷியனை வைத்து அதற்குத் தனியாக ஒரு மீட்டர் போட்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தேன். தினமும் காலை ஆறு மணி ரீடிங், வியாபாரம், வெயில், குறிப்பு. முதல் வாரம் 84 யூனிட். ஏழால் வகுத்தால் நாளுக்கு 12. அறுபது நாளைக்கு 720 யூனிட். இந்த ஒரு சாமானுக்கே ஏழாயிரத்துக்கு மேல்!

அடுத்த வாரம் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: 'நாளைக்கு எவ்வளவு ஓடும்?' அதைப் பென்சிலில் எழுத வேண்டும். மறுநாள் உண்மையைப் பேனாவில் எழுத வேண்டும். மூன்றாவது வாரம் பெரும்பாலும் ஒரு யூனிட் வித்தியாசத்துக்குள் சொல்லிவிட்டார். எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் தப்பாகச் சொன்ன நாட்கள்தான். செவ்வாயும் வெள்ளியும் வியாபாரம் கூடாமலே யூனிட் கூடியது. விசாரித்தால், அன்று இரவுதான் இரண்டு நாளைக்கு மாவு அரைக்கிறார்கள். கிரைண்டர் சூட்டோடு அப்படியே உள்ளே போகிறது. இன்னொரு நாள் மூன்று யூனிட் எகிறியது. மாவு டப்பாவின் விளிம்பு இடித்து, கதவு விடிய விடிய சரியாக மூடவில்லை!

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியாததல்ல. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இறைக்கிறது. கிணறு ஆழமானால் இறைப்பதற்குப் பாடு அதிகம் இல்லையா? அதுபோல, அடுப்புப் பக்கத்தில் ஃப்ரிட்ஜை வைத்தால் கம்ப்ரசருக்குப் பாடு அதிகம். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் அது வரப்பில் நண்டு வளை. எவ்வளவு இறைத்தாலும் நிற்காது.

அடுப்பை விட்டுத் தள்ளி, பின்னால் அரை அடி இடம் விட்டு நகர்த்தினோம். கரண்டை நிறுத்திவிட்டு, கம்பிச் சுருளில் படிந்த எண்ணெய்த் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தோம். ரப்பரை மாற்றினோம். மாவையும் சாம்பாரையும் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வைக்கிறார்கள். ஒன்றை மட்டும் செய்யக்கூடாது என்றேன்: பில்லுக்குப் பயந்து குளிரைக் குறைக்கக்கூடாது. உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்கவேண்டும். சாப்பிட வருகிறவர் வயிறு நம் சிக்கனத்துக்குப் பலியாகக் கூடாது.

வைகாசியிலும் அதே வெயில்தான். வாரத்துக்கு 63 யூனிட். நாளுக்கு 9. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட், சுமார் 1800 ரூபாய் மிச்சம்.

இதில் ஒரு ஆள் சம்பளம் வருமா என்று கேட்பீர்கள். வராதுதான். ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது கிரைண்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நோட்டில் கட்டம் போட்டிருக்கிறார். அந்த அக்கா இன்னும் வேலையில் இருக்கிறார்.

'புது ஃப்ரிட்ஜ் வாங்கினால் தீர்ந்தது' என்கிறார்கள் சிலர். ரொம்பப் பழசென்றால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அதையும் அடுப்போரம் வைத்து, தூசியைத் துடைக்காமல் விட்டால், பணம் போட்டதுதான் மிச்சம்.

எனக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. சராசரிக் கணக்கை வருஷக்கணக்காகக் கிரிக்கெட் ரன்னை வைத்தே நடத்தினேன். வீட்டு மின்அட்டையைக் கொண்டுவரச் சொல்லி நடத்தியிருந்தால், இந்த மாணவருக்கு நான் இப்போது நோட்டுப் போட்டுத் தந்திருக்க வேண்டாம். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் யோசியுங்கள்.

அடுத்து தியாகராஜர் ஆராதனை வரும். தேதியைப் பார்த்தால் கணக்குத் தப்பும். அது பகுள பஞ்சமிக்கு ஏற்ப மாறும். அந்த வாரத்துக்கு நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று கடை சாத்தும்முன் மீட்டரைப் பாருங்கள். நாளைய எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள். தப்பினால் ஏன் என்று தேடுங்கள். கண்டுபிடித்ததைக் கீழே எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.