கொல்வது இருக்கட்டும், தடுக்கிறதா?

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவியபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, தாம் கவனித்த நோயாளியிடமிருந்து தொற்று ஏற்பட்டு உயிரிழந்தார். வந்திருப்பது என்ன நோய் என்று அந்த நோயாளியை அவர் கவனித்த வேளையில் யாருக்கும் தெரியாது. நாளை கேரள-தமிழக எல்லையோர வெள்ளறடையில் காய்ச்சல் கண்டவர் நெய்யாற்றின்கரைக்கும் போவார், காரக்கோணத்துக்கும் போவார், எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக்கும் போவார். அங்கெல்லாம் அவரை முதலில் தொடும் செவிலியரின் முகத்தில் என்ன இருக்கிறது என்பதே நம் கவலை.

‘வைரஸைக் கொல்லும்’ என்ற முத்திரையோடு முகக்கவசங்கள் விற்கப்படுகின்றன. இதற்குப் பின்னால் உள்ள அறிவியல் பொய்யல்ல. செம்பு, வெள்ளி அயனிகள் வைரஸைச் சிதைக்கும். ஹைதராபாத் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் செம்பு நுண்துகள் பூசிய பருத்தி முகக்கவசத்தை உருவாக்கியது, பாராட்டத்தக்க பணி. ஆனால் அதன் ஒற்றை அடுக்கு வகையை, வழக்கமான முகக்கவசத்துக்கு மேல் அணியத்தக்கதாகவே அவர்கள் சொன்னார்கள்.

விற்பவர்கள் காட்டும் ‘99 விழுக்காடு’ எப்படி வருகிறது? ஐ.எஸ்.ஓ. 18184 சோதனையில், துணித்துண்டில் வைரஸ் கலந்த திரவத்தை விட்டு, வழக்கமாக 2 மணி நேரம் வைத்திருந்து, எஞ்சிய வைரஸை அளக்கிறார்கள். மூச்சுக்காற்று துணியைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. ஆக அந்த எண், துணியில் ஒட்டிக்கொண்ட வைரஸைப் பற்றியது. மூக்குக்குள் போகும் காற்றைப் பற்றியதல்ல. முகக்கவசத்தைக் கழற்றும் கைக்கு அது உதவலாம். நுரையீரலைக் காப்பது வடிகட்டலும் முகத்தோடு பொருந்தும் விளிம்பும்தான். என்-95 முகக்கவசத்தில் பாலிபுரோப்பிலீன் இழைகளில் ஏற்றிய நிலைமின்சாரம், 0.3 மைக்ரான் துகள்களிலும் 95 விழுக்காட்டைப் பிடித்துவிடுகிறது. கன்னத்தோரம் இடைவெளி விட்டால் அதுவும் வீண்.

பூச்சு உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதும் சிறிய கேள்வியல்ல. கிராஃபீன் என்ற கார்பன் பொருள் கலந்த முகக்கவசங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 ஏப்ரலில் கனடா சுகாதாரத் துறை எச்சரித்தது. நுரையீரலுக்குள் துகள் போகுமோ என்ற அச்சமே காரணம். ஆராய்ந்த பிறகே சில வகைகளை மீண்டும் அனுமதித்தது. சந்தைக்கு வருமுன் நடந்திருக்க வேண்டிய ஆய்வு அது.

எந்த வைரஸ், எத்தனை மணி நேரம், எத்தனை முறை துவைத்த பிறகு, எவ்வளவு உலோகம் உதிர்கிறது என்பதை அச்சிடாத எந்தத் துணியும் ‘வைரஸைக் கொல்லும்’ என்று விற்கப்படக் கூடாது. இதைச் சோதிக்கும் திறன் அருகிலேயே இருக்கிறது: திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், கோவையில் சிட்ரா ஜவுளி ஆய்வு நிறுவனம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு விதியை வகுக்கட்டும்.

அதுவரை கேரள, தமிழக அரசுகள் பூச்சுத் துணிக்குப் பணம் செலவிட வேண்டாம். எல்லையோர மருத்துவமனைச் செவிலியர், ஆஷா பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, தரச்சான்று பெற்ற என்-95 முகக்கவசங்களை அடுத்த காய்ச்சல் வருமுன் இருப்பில் வையுங்கள்.