பாய்மரத்தில் கட்டிக்கொண்ட கதை

கடல் புயல் ஓவியங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கிளாட்-ஜோசப் வெர்னே பெயர் வந்துவிடும். பின்னாலேயே அந்தக் கதையும் வரும். இத்தாலிக்குக் கப்பலில் போகும்போது புயல் அடித்ததாம், மனிதர் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லி அலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். போன வாரம் நண்பர் ஒருவர் இதை வாட்ஸப்பில் அனுப்பி, "இதுவல்லவோ அர்ப்பணிப்பு!" என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்தக் காட்சியை 1822இல் ஓவியமாகத் தீட்டியவர் வெர்னேயின் பேரன் ஓராஸ். பேரன் பிறந்ததும் தாத்தா இறந்ததும் ஒரே வருடம், 1789. தாத்தா வாயால் கேட்ட கதையாக இருக்க வழியில்லை. (இங்கிலாந்தில் டர்னரும் 1842இல் தன்னைப் பற்றி இதே கதையைச் சொல்லிக்கொண்டார். ராசியான பாய்மரம்!)

வெர்னே 1772இல் வரைந்த 'கப்பல் சேதம்' வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கருமேகம், மின்னல், பாறையில் மோதிய கப்பல், கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இறங்கும் மனிதர்கள். இது எங்கே நின்றால் தெரியும்? கரையில் நின்றால்! பாய்மரத்தில் கட்டுண்டவன் கண்ணில் உப்புத் தண்ணீர்தான் இருக்கும்.

1734இல் இத்தாலி போனவர் 1753 வரை அங்கேயே இருந்து கடற்கரைகளை வரைந்து பழகினார். பிறகு பதினைந்தாம் லூயி மன்னருக்காகப் பிரான்சின் துறைமுகங்களை ஊர் ஊராகப் போய் 15 பெரிய ஓவியங்களாக வரைந்தார். கயிறு இழுப்பவன் முதுகு எப்படி வளையும் என்பதெல்லாம் அங்கே நின்று பார்த்துக் கற்றது என்பது என் கட்சி. அத்தனை வருட உழைப்பையும் ஒரு ராத்திரிக் கதைக்குள் அடக்கிவிட்டார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். 31 வருடம் தினமும் காலையில் ஏரியின் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதியவன் நான். பணி நிறைவு விழாவில் பேசிய அத்தனை பேரும், ஒரு மழை ராத்திரி இடுப்பளவு தண்ணீரில் நின்று மதகு திறந்ததையே சொன்னார்கள். எந்த மதகை எப்போது திறப்பது என்று அன்று எனக்குத் தெரிந்ததே அந்த நோட்டுகளால்தான். அவற்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்திருக்கிறது.