"பாத்து குதி"ன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல

கோர்ட்ல ஒருத்தர் முட்டியைப் பிடிச்சிட்டு உக்காந்தா நம்ம முதல் கேள்வி, "யாரு இடிச்சது?" பல நேரம் யாருமே இடிச்சிருக்க மாட்டாங்க.

2012 ஏப்ரல் 28. சிகாகோ புல்ஸ், பிலடெல்பியாவுக்கு எதிரா பிளேஆஃப் முதல் மேட்ச். 12 பாயிண்ட் லீட், முடிய ஒன்றரை நிமிஷம்கூட இல்ல. டெரிக் ரோஸ் உள்ள புகுந்து ஜம்ப் ஸ்டாப் போடுறார். அவ்ளோதான், இடது முட்டி போச்சு. முந்தின சீசன்ல 22 வயசுல எம்.வி.பி. வாங்கினவர், என்.பி.ஏ.லயே அந்த வயசுல வேற யாரும் வாங்கினதில்ல. அதுக்கப்புறம் ஒரு ஆல்-ஸ்டார் மேட்ச்கூட ஆடல.

கிழிஞ்சது ஏ.சி.எல். முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கா கட்டி வெச்சிருக்கற லிகமெண்ட். கீழ் எலும்பு முன்னாடி நழுவாம, திருகாம பிடிச்சிக்கறது அதோட வேலை. ரீபவுண்ட் எடுத்து இறங்கறப்போ முட்டி மடங்காம விறைப்பா இருந்தா, தொடையோட முன்பக்கத் தசை அந்த எலும்பை முன்னாடி இழுக்கும். அதே நேரத்துல பாதம் தரையில ஊனி நிக்குது, உடம்பு திரும்புது, முட்டி உள்பக்கமா சரியுது. மெக்கானிக்ஸ்ல காம்பைண்டு லோடிங்னு படிச்சோமே, அதேதான். ஸ்பெசிமன் மட்டும் நம்ம கால்.

ஆஸ்லோல இருக்கற ஆராய்ச்சியாளர்கள் ஹேண்ட்பால், பாஸ்கெட்பால் வீடியோக்களை ஃப்ரேம் ஃப்ரேமா அலசி 2010ல ஒரு கணக்கு சொன்னாங்க. பாதம் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி செகண்ட்ல லிகமெண்ட் கிழிஞ்சிடுது. கண்ணு பாத்து, மூளை முடிவெடுத்து, தசை வேலை செய்ய இதைவிட பல மடங்கு நேரம் வேணும். அப்போ "பாத்து குதி"ன்னு சைடுலேர்ந்து கத்தி என்ன ஆகப்போகுது? எப்படி இறங்கணும்னு குதிக்கறதுக்கு முன்னாடியே உடம்புக்குத் தெரிஞ்சிருக்கணும்.

"நம்மளுது சிமெண்ட் கோர்ட், அதான்"னு சொல்வீங்க. ரோஸ் விழுந்தது மரத்தரையில. காஸ்ட்லி ஷூ? கணுக்காலுக்கு வேணா ஏதாவது பண்ணும், முட்டியை அது காப்பாத்தாது.

இதைவிட ஆபத்தான வசனம் ஒண்ணு இருக்கு: "நடக்க முடியுதுல்ல, ஒண்ணுமில்ல." 2019 ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச்ல கிளே தாம்ப்சன் ஏ.சி.எல். கிழிஞ்ச காலோட திரும்பி வந்து ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டார். அவர் மறுபடி ஆடினது 2022 ஜனவரில (நடுவுல இன்னொரு கால்ல அகில்லிஸும் போச்சு, பாவம்). திருநீர்மலை படியேறும்போது நம்ம பாட்டிங்க சொல்ற முட்டிவலி வேற, அது வருஷக்கணக்கா தேய்ஞ்சு வர்றது. ஏ.சி.எல். போனவங்க வீக்கம் வத்தினதும் அந்தப் படியை நேரா ஏறிடக்கூட முடியும். சட்டுனு திரும்பினாதான் முட்டி வழுக்கும். அதனால 'டப்'னு சத்தம் கேட்டு, சில மணி நேரத்துல முட்டி வீங்கினா, ஸ்பிரே அடிச்சிட்டு அடுத்த குவார்ட்டர் ஆடாதீங்க. எலும்பு டாக்டரைப் பாருங்க. ஆபரேஷன் பண்ணா திரும்ப ஆட குறைஞ்சது ஒன்பது மாசம். நாலு வருஷ காலேஜ்ல அது எவ்ளோன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

பொண்ணுங்களுக்கு இந்த ரிஸ்க் பசங்களைவிட ரெண்டுலேர்ந்து நாலு மடங்கு. உடம்பு அமைப்பு ஒரு காரணம்தான். ஆனா இறங்கற முறையையும் தொடையோட பின்பக்கத் தசையையும் பழக்கின டீம்கள்ல பொண்ணுங்களோட ஏ.சி.எல். காயம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. ஸ்குவாட், ஒத்தைக் கால்ல இறங்கி நிக்கறது, முட்டி உள்ள சரியாம பாத்துக்கறது, இவ்ளோதான். 15, 20 நிமிஷம், வாரத்துல ரெண்டு மூணு நாள். காசு செலவே இல்ல.

ஆனா நம்ம காலேஜ்ல என்ன நடக்குது? பசங்க ஆடி முடிச்சு, வெளிச்சம் போறப்போதான் பொண்ணுங்களுக்கு கோர்ட் கிடைக்குது. பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது யாரு வார்ம்-அப் பண்ணுவா? நேரா மேட்ச்தான். ஜிம்லயும் அதே கதை. ரிஸ்க் அதிகமா இருக்கறவங்களுக்கு நேரம் கம்மி. இதை பி.டி. டிபார்ட்மெண்ட்கிட்ட மட்டும் சொல்லல, கோர்ட்டை விட்டுக் குடுக்காத நம்ம பசங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

இன்டர்-டிபார்ட்மெண்ட் ஷெட்யூல் போடறவங்க கவனத்துக்கு: ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னாடி 15 நிமிஷம் ரெண்டு டீமுக்கும் கோர்ட்டைக் காலியா விடுங்க. பொண்ணுங்க மேட்ச்சை முதல்ல வைங்க.