நோய்க் குறிப்புக்கும் நாணயம் உண்டு

ஒருவருடைய பற்றுக் கணக்கை இன்னொரு வாடிக்கையாளரிடம் நாம் காட்டுவதில்லை. அரிசிக்கடை வீதியிலும் சரி, காதர்பேட்டையிலும் சரி, இது எழுதப்படாத சட்டம். கணக்கு வெளியே தெரிந்தால் அவர் நாணயம் கெடும். நம் கடையின் பெயரும் கெடும். நம்முடைய நோய் விவரம் பிறர் கையில் இருக்கும்போது அதே மரியாதை அதற்குக் கிடைக்கிறதா?

2024 செப்டம்பரில் வெளியான செய்தியை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிதாரர் விவரங்கள் திருடப்பட்டு, டெலிகிராம் செயலியில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தன. பெயர், முகவரி மட்டுமல்ல; பரிசோதனை முடிவுகளும் நோய்க் குறிப்புகளும் அதில் இருந்தன. 3 கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவரே சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது. ஆனால் கைமாறிப் போன விவரத்தை எந்தத் தடையுத்தரவாலும் திரும்ப வாங்க முடியாது.

வியாபாரிக்கு இதில் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நம் தொழில் கடனில் நடக்கிறது. முதலாளிக்கு இருதயத்தில் அடைப்பு என்று மண்டிக்குத் தெரிந்தால், 30 நாள் தவணையில் வந்த சரக்கு மறுவாரமே ரொக்கத்துக்குத்தான் கிடைக்கும். வீட்டில் பேசி வைத்த கல்யாணமும் தட்டிப்போகும்.

கவனக்குறைவால் விவரத்தைக் கசியவிட்ட நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. அதன்கீழ் 2011-ல் வந்த விதிகள், மருத்துவக் குறிப்புகளைத் தனிப் பாதுகாப்புக்குரிய விவரங்களில் சேர்த்தன. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ அந்தத் தனி வகை இல்லை. பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. 2025 நவம்பரில் வெளியான அறிவிப்பின்படி 18 மாதங்களில் இவை முழுமையாக நடைமுறைக்கு வரும். அபராதம் அரசுக்கு, அவமானம் நமக்கு என்றால் இது என்ன நியாயம்?

அபராதம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு பெறும் உரிமை தொடர வேண்டும். மருத்துவ விவரம் மீண்டும் தனி வகையாக்கப்பட வேண்டும். இவ்விரு திருத்தங்களையும் கோரி நம் சங்கம் மத்திய அரசுக்கு மனு அனுப்ப வேண்டும்.

அதற்கு முன் நாமும் ஒழுங்காக இருக்க வேண்டும். கடைப் பையன் விடுப்புக்குக் கொடுத்த டாக்டர் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. இன்றே அதை நிறுத்துவோம். அந்தச் சீட்டும் கல்லாப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டிய ஒன்றுதான்.