சுத்திடுச்சா?

ஒரு புதுக் காற்றாலைக்கு ஆயுசு எவ்வளவு? இன்ஜினியரைக் கேட்டால் 20, 25 வருஷம் என்பார். இன்கம்டாக்ஸ் சட்டத்தைக் கேட்டிருந்தால் 'ஒரே வருஷம்' என்று சொல்லியிருக்கும். விளையாட்டில்லை ஸார். 2002 மார்ச் வரை காற்றாலைக்கு முதல் வருஷமே 100 சதவீத தேய்மானம்! எங்கள் அத்தை கல்யாணத்துக்கு வந்த கிரைண்டர் இன்னும் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறது. கோடி ரூபாய் மிஷின் பன்னிரண்டே மாசத்தில் கணக்குப் புத்தகத்தில் காலி.

பி.காம். படித்த பாவத்துக்கு இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கம்பெனிக்கு 1 கோடி லாபம் என்று வையுங்கள். 1994 பட்ஜெட்டுக்கு அப்புறம் கம்பெனி வரி, சர்சார்ஜோடு சேர்த்து 46 சதவீதம். ஆக, 46 லட்சம் சர்க்காருக்கு அழ வேண்டும். அதே 1 கோடிக்குக் காற்றாலை வாங்கி நட்டுவிட்டால்? லாபம் பூஜ்யம், வரியும் பூஜ்யம். மன்னிப்பு என்று நினைக்காதீர்கள், இது வாய்தாதான். அடுத்தடுத்த வருஷம் கழிப்பதற்குத் தேய்மானம் மிச்சம் இருக்காது. ஆனால் 46 லட்சத்தை வட்டியில்லாமல் எந்த பேங்க் கொடுக்கும், சொல்லுங்கள்?

எண்பது ஸி-க்காக நீங்களும் நானும் மார்ச் மாசம் எல்.ஐ.சி. ஏஜென்ட்டைத் தேடி ஓடினோமே, அந்த மாதிரி மில் முதலாளிகள் காற்றாலையைத் தேடி ஓடினார்கள். தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் 1986-ல் சின்னதாக ஆரம்பித்தது, தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று பிய்த்துக்கொண்டு வரும் முப்பந்தலில் காடாக வளர்ந்தது. ஹீரோயினின் தாவணி பறக்க டூயட் எடுக்கவும் இடம் சௌகரியமாகப் போயிற்று. 1996-ல் 'மேட்' என்கிற குறைந்தபட்ச வரி வந்து காற்று மோகத்தைக் கொஞ்சம் இறக்கியது. 2002-ல் 100 சதவீதம் 80 ஆனது. அதுவும் லேசுப்பட்டதில்லை.

அந்த 80 சதவீதக் காலத்தில்தான் அடியேன் கோயமுத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அசிஸ்டென்ட். 2011 செப்டம்பர். ஆடிட்டருக்கு வேளைக்குச் சாப்பாடு இல்லை, காதில் போன். காரணம், சட்டத்தில் 180 நாள் என்று ஒரு முடிச்சு இருக்கிறது. மிஷினை அந்த வருஷத்தில் 180 நாளாவது உபயோகப்படுத்தியிருந்தால் முழுத் தேய்மானம், ஒரு நாள் குறைந்தாலும் பாதிதான். மார்ச் 31-லிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள், அக்டோபர் ஆரம்பத்தில் வந்து நிற்கும்.

"தம்பி, சுத்திடுச்சா?"

"இன்னும் இல்லீங்க சார். காத்தே காணோம்."

"ராத்திரிக்குள்ள சுத்தணும்ப்பா. வாரியத்து சர்டிபிகேட்டுல தேதி முக்கியம்."

காற்று எப்படி இருக்கும்? தெற்கே வைகாசியில் எழும்பி ஆடியில் ஆளைத் தூக்கும் காற்று, புரட்டாசி பிறந்தால் மூட்டை கட்டிவிடும். சீசன் முடிகிற நேரம் பார்த்து மிஷினை முடுக்கிவிட ஊர் முழுக்க அடிதடி! 'சுத்திடுச்சா?' என்று நூறு தடவை கேட்டவர், 'எத்தனை யூனிட் வந்தது?' என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சட்டமே அதைக் கேட்கவில்லையே.

டெல்லிக்கு இது உறைக்காமல் இல்லை. கிரிட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை என்று 2009 டிசம்பரில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதுவா, தேய்மானமா, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்றார்கள். கையில் உடனே நிற்கிற காசை விட்டுவிட்டு பைசா பைசாவாகப் பொறுக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? 2012 ஏப்ரலில் இரண்டு சலுகையும் போயிற்று. 2011-12-ல் நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட் புதிதாக நட்டவர்கள், அடுத்த வருஷம் நட்டது சுமார் 1,700. அந்த வருஷம் வாயு பகவான் ஒன்றும் லீவு போடவில்லை. 2014-ல் தேய்மானம் திரும்பி வந்து, 2017-ல் 40 சதவீதமாகச் சுருங்கியது. அதே 2017 பிப்ரவரியில் முதல் ஏலம். யார் குறைந்த விலைக்குக் கரன்ட் தருகிறாரோ அவருக்கே கான்ட்ராக்ட் என்றதும் விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாய்க்கு இறங்கியது. டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2.43. அந்த விலையில் கரன்ட் வித்தால்தான் சம்பாத்தியம் என்று ஆனபோது 'எத்தனை யூனிட்?' என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது அடுத்த ரவுண்டு கடலுக்குள். கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் கொடுக்க 2024 ஜூனில் மத்திய கேபினட் ஒப்புதல் தந்தது. மொத்தம் 1,000 மெகாவாட், குஜராத்துக்குப் பாதி, தமிழ்நாட்டுக்குப் பாதி. நம்ம டி.டி.எஸ்.ஸும் அந்தக் கோடிகளில் எங்கேயோ இருக்கிறது. கம்பம் நின்றால் காசா, கரன்ட் வந்தால் காசா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் அடியேனுக்குக் கடலைவிடக் கரையிலேயே கண். முப்பந்தலில் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டி மிஷின்கள் இன்னும் நிற்கின்றன. புத்தகத்தில் அவற்றின் மதிப்பு பூஜ்யம். அவை நிற்பதோ முதல் தரமான காற்று அடிக்கிற இடம். இன்றைக்கு வருகிற ஒரே மிஷின் 2, 3 மெகாவாட், அந்தக் குட்டிகளில் எட்டாவது சேர்ந்தால்தான் அதற்கு ஈடு. பழசைக் கழற்றிப் புதுசு போடத் தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. ஓனர்களுக்குத் தயக்கம். ஆடியில் வந்த யூனிட்டை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து மார்கழியில் மில்லுக்கு எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதி, புது மிஷினுக்குப் பழையபடி கிடைக்குமா என்று கவலை.

எனக்குத் தெரிந்த மில்காரர் ஒருவரிடம் கேட்டேன். அப்பா காலத்தில் நட்ட மிஷின் அவருடையது.

"போட்ட காசை முதல் வருஷமே வரியில எடுத்தாச்சு தம்பி. அது பாட்டுக்கு ஒரு மூலையில சுத்துது. அதை ஏன் தொந்தரவு பண்றீங்க?"