தூது வேறு, சந்து வேறு: அமைதிக் கல்வியும் தமிழ்த்துறைகளும்

அமைதி, முரண் தீர்வு, சமரசம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகப் பாடமாக்குவது குறித்த பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்த்துறைகளில் இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. அது அரசியலறிவியலுக்கும் சட்டத்திற்கும் சமூகப்பணிக்கும் உரியது, இலக்கியத் துறைக்கு அங்கு வேலையில்லை என்பது ஒன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் அதனைக் கூறிவிட்டனர், புதிதாகக் கற்க ஏதுமில்லை என்பது மற்றொன்று. முன்னது அடக்கம் போலவும் பின்னது பெருமிதம் போலவும் தோன்றினும், கற்க வேண்டியதைக் கல்லாமல் விடுவதற்கே இரண்டும் துணைபோகின்றன.

1959இல் ஓசுலோவில் யோகான் கால்டுங் நிறுவிய ஆய்வகம், 1973இல் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய துறை, 2004இல் தில்லி ஜாமியா மில்லியாவில் அமைந்த நெல்சன் மண்டேலா மையம் என இக்கல்வி வளர்ந்த வழி பலரும் அறிந்ததே. அவ்வழியில் இலக்கியத் துறைகள் எதை எடுத்துச் செல்ல முடியும் என்பதே இங்கு வினா.

பெருமிதம் பேசுவோர் முதலில் காட்டுவது திருக்குறளின் தூது அதிகாரத்தை. அடுத்துக் காட்டுவது தொண்டைமானிடம் அதியமானுக்காகச் சென்ற ஔவையாரை. இரண்டும் சமரசத்திற்குச் சான்றாகா. தூதுவன் ஒரு தரப்பின் ஆள். தன் வேந்தனுக்கு உறுதி தேடுவதே அவன் கடமை. ஔவையாரின் பாட்டும் (புறம். 95) படைக்கலங்களைப் புகழ்வதுபோல் எதிரியை இகழும் பாட்டே. அது தேர்ந்த பேச்சு. ஆயினும் நடுநின்ற பேச்சன்று. தூதையும் சந்தையும் ஒன்றெனக் கொள்ளும் கட்டுரைகள் பெருகியுள்ளமை வருந்தத்தக்கது. பிறரை வெல்ல நிற்பவனையோ கொல்ல நிற்பவனையோ சந்து செய்து மீட்பதற்குத் துணைவஞ்சி எனத் தனித்துறையே வகுத்த மரபில் இக்குழப்பம் நேர்ந்திருக்க வேண்டியதில்லை.

கோவூர் கிழாரின் பாடல்களே உண்மையான பாடப்பொருள். உறையூரை முற்றிய நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியிடமும் அவர் அறம் போதிக்கவில்லை. இருவரும் சூடியிருப்பது ஒரே ஆத்திமாலை, எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி எனக் கணக்குக் காட்டுகிறார் (புறம். 45). மலையமான் மக்களை யானைக்கு இடவிருந்த கிள்ளிவளவனிடம், கொல்ல வந்த யானையைக் கண்டு அழுகை மறந்த குழந்தைகளைச் சுட்டிவிட்டு, முடிவை அவனிடமே விட்டு விலகுகிறார் (புறம். 46). தீர்வைத் தாம் சொல்லாமல் தரப்பினரையே சொல்ல வைப்பது இன்றைய சமரசப் பயிற்சியின் முதற்பாடம். ஆயின் இங்கேயே நின்றுவிட்டால் அதுவும் பழம்பெருமையாகவே முடியும். புறம் 47இன் அடிக்குறிப்பு நெடுங்கிள்ளியைக் ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்கிறது. உறையூரில் அடைத்திருந்தவனும் அவனே எனக் கொள்வோர், அன்று பேசிய சந்து எத்தனை நாள் நின்றது என்று கேட்டாக வேண்டும். வகுப்பறைகளில் அவ்வினா எழுவதில்லை.

வினா எழவேண்டிய இடம் ஒன்று மும்பையில் உள்ளது. வடாலாவுக்கும் சயான் கோலிவாடாவுக்கும் அருகில், தமிழர் பலர் வாழும் ஆண்டாப் ஹில் அது. 1966இல் சிவசேனை தோன்றியபின் இந்நகரத் தமிழர் மொழியின் பெயரால் தாக்கப்பட்டனர். 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் பிளவு மதத்தின் பெயரால் வந்தது; ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். 1998இல் அளிக்கப்பெற்ற நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணைய அறிக்கை காவல் நிலையம் காவல் நிலையமாக நிகழ்ந்ததைப் பதிவு செய்கிறது. ஆண்டாப் ஹில்லுக்கும் தாராவிக்கும் அதில் தனிப்பகுதிகள் உண்டு. தமிழ் பேசும் இந்துக்களும் தமிழ் பேசும் இசுலாமியரும் அடுத்தடுத்து வாழும் பகுதிகள் இவை. ஒரு மொழி பேசுவது மட்டுமே அமைதிக்குப் போதும் என்போர் இவ்வறிக்கையைப் படிக்கக் கடவர்.

தமிழகம் இக்கலவரத்தை அறிந்தது பெரும்பாலும் 1995இல் வெளிவந்த ‘பம்பாய்’ திரைப்படத்தால். அதன் இறுதியில் மக்கள் கைகோக்கின்றனர். கைகோப்பதற்கு முன் யார் யாரிடம் என்ன பேசினர் என்பதைப் படம் காட்டவில்லை. அப்பேச்சே இக்கல்வியின் பொருள். 1970, 1984 கலவரங்களைக் கண்ட பிவண்டி 1992இல் அமைதி காத்ததற்குக் காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே அமைத்த மொகல்லாக் குழுக்கள் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மும்பையில் சுசோபா பார்வே, ஜூலியோ ரிபெய்ரோ, சதீஷ் சாஹனி ஆகியோர் முயற்சியில் 1994 முதல் அத்தகைய குழுக்கள் இயங்கின. வதந்தியைச் சரிபார்த்தல், ஊர்வலப் பாதையை முன்கூட்டிப் பேசி முடித்தல், நள்ளிரவில் எவர் கதவைத் தட்டுவது என அறிந்திருத்தல் என அவற்றின் வேலை பெரிதும் சொல்லால் ஆனது. தாராவியில் பாவ் கோர்டே, வக்கார் கான் இருவரின் பணியை ‘நாதா’ (2003) என்னும் ஆவணப்படமாகப் பதிந்தவர்கள் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அஞ்சலி மாண்டீரோவும் கே.பி. ஜெயசங்கரும். தமிழ்த்துறை ஆய்வேடுகளிலோ இப்பகுதியில் தமிழில் பேசப்பட்ட சமரசம் இடம்பெறுவது மிக அரிது.

கலைச்சொல்லும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ‘சமரசம்’ வள்ளலாரிடம் ஒரு பொருளையும், சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையத்தில் வேறொரு பொருளையும், கொள்கையை விட்டுக்கொடுத்தவரை ஏசும் மேடையில் மூன்றாவது பொருளையும் தருகிறது. மக்கள் வழக்கிலோ ‘பஞ்சாயத்து’ உண்டு; அதனருகிலேயே ‘கட்டப்பஞ்சாயத்து’ம் உண்டு. மனமொப்பிய உடன்பாட்டிற்கும் மிரட்டிப் பெற்ற ஒப்புதலுக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் ஓர் அடையால் காட்டிவிட்டனர். 2023ஆம் ஆண்டின் இந்தியச் சமரசச் சட்டம், ஒரு வட்டாரத்தின் அமைதியைக் குலைக்கக்கூடிய பூசல்களுக்கு மூவர் குழுவின் வழிச் சமூகச் சமரசத்தைக் கருதுகிறது. அக்குழுவினர் தமிழரிடையே பேசவேண்டிய சொற்களைச் சட்டத்துறையா ஆக்கித் தரும்?

களஆய்வு இலக்கிய ஆய்வாகாது என்னும் மறுப்பு எழலாம். நாட்டார் வழக்காற்றியலுக்கும் இதே மறுப்பு ஒருகால் எழுந்தது. இன்று அது இல்லாத தமிழ்த்துறைப் பாடத்திட்டம் அரிது. துணைவஞ்சிப் பாடல்களையும் வாய்மொழிப் பதிவையும் ஒரு தாளில் இணைத்து முதுகலையில் வைப்பதற்குப் புதிய துறையோ பெருநிதியோ வேண்டா. பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டமே போதும். அதற்குக் காலம் மிகுதியாக இல்லை. 1993இல் முப்பது வயதில் ஆண்டாப் ஹில் தெருக்களில் இரு தரப்புக்கும் நடுவே நின்றவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.